கயிறு மூன்று முறை அசைந்தது

கயிறு அசைந்தது. நான் இழுக்கவில்லை. பிறகு, கயிறு அசையவே இல்லை என்று என் கையால் எழுதிக் கையெழுத்தும் போட்டேன். இதை வாய்விட்டுச் சொல்ல எனக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று. எழுத உட்கார இன்னும் இரண்டு வருடம்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையின் பணியாளர் பிரிவில் முப்பத்தொரு வருடம் இருந்தேன். ஆள் எடுப்பது, விடுப்பு, கேண்டீன் புகார் என்று எல்லாம் பார்த்திருக்கிறேன். ஆனால் மேலே இருந்தவர்கள் என்னை மதித்தது விபத்து அறிக்கை எழுதுவதற்காக. விரல் போனவர், பாதம் நசுங்கியவர், கண்ணில் பொறி பட்டவர், யாராக இருந்தாலும் நான் எழுதியதில் பொய் என்று ஒரு வரியைக் காட்ட முடியாது. 'கையுறை அணியாத நிலையில்' என்று முதல் வாக்கியத்தைத் தொடங்குவேன். இயந்திரத்தின் மூடி பல மாதமாகக் கழன்று கிடந்தது என்பது நாலாவது பத்தியில் வரும். நாலாவது பத்தி வரைக்கும் யாரும் படிப்பதில்லை.

ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் இருக்க முடியவில்லை. காலையில் குளித்து, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்பேன். போக இடம் இருக்காது. அப்போதுதான் பழைய அறிமுகத்தில் ஒருவர் கூப்பிட்டார். தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் வெளிநாட்டு எஞ்சினியர்கள் விளையாடுவதற்காக, நெடுஞ்சாலையை விட்டு உள்ளே தள்ளி ஒரு கோல்ஃப் மைதானம் போட்டிருந்தார். வாரத்தில் மூன்று நாள் காலையில் வந்து வேலையாட்களை மேற்பார்வை பார்த்தால் போதும் என்றார். சம்பளம் பெரிதில்லை. எனக்கு அது தேவையும் இல்லை. 'சார்' என்று நாலு பேர் கூப்பிடும் ஒரு இடம் தேவைப்பட்டது. பின்னால் நடந்ததற்கு இதுதான் வேர் என்பதால் இதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

மைதானத்தில் மூன்று குளங்கள். அடிக்கிற பந்தில் தப்பியது எல்லாம் அவற்றில் விழும். நல்ல பந்து, ஒரு அடிகூட ஒழுங்காக வாங்காமல் தண்ணீருக்குள் போய்விடும். அவற்றை எடுத்துக் கழுவி, பழசு என்று விளையாட வருகிறவர்களுக்கே திரும்ப விற்பார்கள். எடுத்துக் கொடுக்கப் பழவேற்காட்டிலிருந்து ஒரு மீனவர் வருவார். நாற்பது வயதிருக்கும். ஏரியில் மீன்பாடு இல்லாத நாட்களில் இது அவருக்குப் பகுதிநேர வேலை. வாரத்தில் இரண்டு நாள் காலையில் வந்து மத்தியானம் போய்விடுவார்.

நான் நினைத்ததுபோல் அவர் கண்ணாடி மாட்டிக்கொண்டு நீந்திப் பொறுக்கவில்லை. தண்ணீர் டிகாஷன் நிறத்தில் இருக்கும், முகத்துக்கு முன்னால் கையை நீட்டினால் தெரியாது. காலாலேயே தேடுவார். பெருவிரலால் சேற்றைத் துழாவி, பந்து தட்டுப்பட்டதும் மூழ்கி எடுத்து இடுப்பில் கட்டிய வலைப்பையில் போட்டுக்கொள்வார். ஏரியில் இறால் தடவிப் பிடித்த பழக்கம். முதல் நாள் ஒரு கை நிறையப் பந்துகளை என்னிடம் நீட்டினார்.

"ஆம முட்ட மாரியே கீது பாரு சார். இன்னும் கொஞ்சம் வுட்டா குஞ்சு பொரிச்சிக்கினு கடலுக்குப் போயிருக்கும்."

நான் சிரித்தேன்.

"தொலைக்கிறவனுக்கு கார் கீது, டிரைவர் கீறான். தேடி எடுக்கறவனுக்கு கோமணம். நடுவுல நீ இஸ்திரி சட்டை போட்டுக்கினு குந்திக்கினு கீற. நல்லாதான் கீது சார் இந்த விளையாட்டு."

அவர் இடுப்பில் ஒரு நைலான் கயிறு இருக்கும். அதன் மறுமுனை கரையில் ஒருவர் கையில் இருக்க வேண்டும். இளவயதில் தெற்கே சங்கு குளிக்கப் போனபோது கற்ற வழக்கம் என்றார். கயிறு ஒரு முறை அசைந்தால் 'நான் நன்றாக இருக்கிறேன்'. இரண்டு முறை அசைந்தால் பை கனத்துவிட்டது, தூக்கு. மூன்று முறை என்றால் என்னை இழு. கயிற்றை மனைவியின் கூடப்பிறந்தவன்தான் பிடிக்க வேண்டும் என்பதும் அந்த வழக்கத்தில் சேர்த்தி. சொந்த அண்ணன் தம்பி பிடிக்கக்கூடாது, பாகப் பிரிவினை நினைப்பு வரும். மச்சான் என்றால் தன் அக்காள் தாலியை நினைத்து இழுப்பான் என்று விளக்கினார். அப்படித்தான் மச்சானும் கூட வந்துகொண்டிருந்தான். அவனுக்கு ஒரு தொழிற்சாலையில் காண்டிராக்ட் வேலை கிடைத்ததும் கயிறு பிடிக்க ஆள் இல்லாமல் போனது.

"நானே பிடிக்கிறேன் தம்பி" என்றேன். சும்மா உட்கார்ந்திருப்பவன்தானே.

அடுத்த வாரம் அவர் மனைவியையும் அழைத்து வந்துவிட்டார். கயிறு பிடிப்பவரை அவள் பார்க்க வேண்டுமாம். அவள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கணவனிடம், "இன்னாயா, இவரு ஒல்லியா கீறாரு, உன்னெ இஸ்துருவாரா?" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "கயிறு புடிச்சா எனக்கு அண்ணாதான். பாத்துக்கோங்கண்ணா" என்றாள். தூக்குப் பாத்திரத்தில் நண்டுக் குழம்பு கொண்டு வந்திருந்தாள். அன்றிலிருந்து நான் அவளுக்கு அண்ணாதான். எட்டு மாதம் அந்தக் கயிற்றைப் பிடித்தேன். கயிறு கைக்குள் ஒரு முறை துடிக்கும்போதெல்லாம் எனக்குள் ஒரு சந்தோஷம் இருந்தது. கீழே ஒரு ஆள் நன்றாக இருக்கிறார், அதை எனக்கு மட்டும் சொல்கிறார்.

அந்த விளையாட்டில் ஒரு சட்டம் உண்டு. ஒருவர் பந்துக்கு மேல் குனிந்து மட்டையைப் பிடித்து நின்றுவிட்டால், அவர் அடித்து முடிக்கும் வரை சுற்றியிருக்கிற யாரும் பேசக்கூடாது, அசையக்கூடாது. புல் வெட்டுகிறவர்கள்கூட இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கல்லாக நிற்பார்கள். மூன்றாவது குளம், கொடி நட்ட குழிக்குப் பக்கத்திலேயே இருந்தது. ஒரு நாள் ஒருவர் பந்தைக் குழிக்குள் தட்டப்போகும் நேரத்தில் நம் ஆள் குளத்தில் புஸ்ஸென்று மூச்சு விட்டுத் தலையைத் தூக்கினார். பந்து குழியைத் தாண்டிப் போனது. மைதானத்து முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "விளையாடறப்போ சின்னச் சத்தம் வந்தாலும் சரி, நீங்களும் வர வேணாம், அந்தாளும் வர வேணாம்" என்றார். என்னைவிட இருபது வயது சின்னவர். அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மறுபடி வாசலில் போய் நிற்க வேண்டியதுதானா என்கிற பயம் பிடித்துக்கொண்டது. அதற்குப் பிறகு யாராவது விளையாடி வருவது தூரத்தில் தெரிந்தாலே, கோரைப்புல்லுக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து கயிற்றைப் பிடிப்பேன்.

அந்த நாள் ஒரு வியாழக்கிழமை. யாரும் வரமாட்டார்கள் என்று மூன்றாவது குளத்தில் இறங்கியிருந்தோம். திடீரென்று முதலாளி வெளிநாட்டு விருந்தாளி ஒருவரோடு வந்துவிட்டார். மீனவர் அப்போதுதான் மூழ்கியிருந்தார். விருந்தாளி பந்துக்கு மேல் குனிந்தார். முதலாளி என் பக்கம் பார்த்து உள்ளங்கையை மெல்ல உயர்த்தினார். அசையாதே.

கயிறு அசைந்தது. ஒன்று, இரண்டு, மூன்று.

இரண்டாக இருக்கலாம், பை கனத்திருக்கும் என்று நினைக்க முயன்றேன். மூன்று என்று என் கைக்குத் தெரியும். இழுக்க வேண்டுமானால் எழுந்து நின்று, கால் ஊன்றி, ஆள் கூப்பிட்டு இழுக்க வேண்டும். இந்த ஒரு அடி முடியட்டும் என்று நினைத்தேன். விருந்தாளி அடிக்கவில்லை. நிமிர்ந்தார். நாலு எட்டுப் பின்னால் போய்க் குந்தி, பந்துக்கும் குழிக்கும் நடுவில் தரையைப் பார்த்தார். ஒரு காய்ந்த இலையை எடுத்துப் போட்டார். திரும்ப வந்து குனிந்தார். கயிறு மறுபடி மூன்று முறை இழுத்தது. இந்தத் தடவை என் கையே முன்னால் போய் வந்தது. என் உதடு திறந்தது, சத்தம் வரவில்லை. முதலாளியின் உள்ளங்கை இன்னும் அப்படியே இருந்தது. அவர்மேல் குற்றம் சொல்ல மாட்டேன். அவர் பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கயிற்றைப் பிடித்திருந்தவன் நான்.

பிறகு ஒரே ஒரு முறை, லேசாக. அதற்குப் பிறகு கயிறு தொய்ந்துவிட்டது.

பந்து உருண்டு குழிக்குள் விழுந்தது. முதலாளி கை தட்டினார். அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் நான் எழுந்தேன்.

இழுத்தால் வரவில்லை. கத்தினேன். புல் வெட்டுகிற இரண்டு பேர் ஓடி வந்து குதித்தார்கள். தண்ணீர் கசியாமலிருக்கக் குளத்தின் அடியில் கறுப்பு பிளாஸ்டிக் ஷீட் விரித்திருப்பார்கள். அது ஒரு இடத்தில் கிழிந்திருந்தது. அவருடைய கால் கிழிசலுக்குள் முழங்கால் வரை போய், அடியிலிருந்த சேற்றில் மாட்டியிருந்தது. வெளியே கொண்டு வந்து போட்டபோது உதடு நீலம் பாரித்திருந்தது. அவர்களில் ஒருவன் மார்பை அமுக்கிக்கொண்டே இருந்தான். நான் கயிற்றை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றேன். எவ்வளவோ நேரம் கழித்துத் தண்ணீர் கக்கினார்.

பொன்னேரி ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் நன்றாகப் பேசினார். ஆனால் அன்று காலை நாஷ்டா சாப்பிட்டதற்குப் பிறகு நடந்த எதுவும் அவருக்கு நினைவில்லை. குளத்தில் இறங்கியதே நினைவில்லை. மனைவி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். காண்டிராக்ட் வேலையிலிருந்து ஓடி வந்த மச்சான் சுவரில் சாய்ந்திருந்தான்.

"சார், நான் கயித்தெ இஸ்தேனா?"

இதைத்தான் முதலில் கேட்டார். மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். வரும் வழியெல்லாம் இந்தக் கேள்விக்குத்தான் பயந்துகொண்டு வந்தேன்.

"இல்ல தம்பி. அசையவே இல்ல."

அவர் தன் வலது கையைத் தூக்கி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

முதலாளி அறிக்கை கேட்டார். அரை மணி நேரத்தில் எழுதினேன். 'கயிற்றின் மூலம் எவ்விதச் சைகையும் தரப்படாத நிலையில்' என்று தொடங்கினேன். பிளாஸ்டிக் கிழிந்திருந்தது நாலாவது பத்தியில் இருந்தது. என் வாழ்நாளில் எழுதிய அறிக்கைகளில் முழுப் பொய் எழுதியது அதில் மட்டும்தான்.

பந்து எடுக்கும் வேலை அவருக்கு அத்தோடு முடிந்தது. நான் இன்னும் இரண்டு மாதம் போனேன். பிறகு முடியவில்லை. மூன்றாவது குளத்துப் பக்கம் போனால் உள்ளங்கை துடித்தது. வீட்டிலிருக்கும்போது சட்டைப்பையில் போன் அதிர்ந்தால் பதறி எழுவேன். பேப்பர் படித்துக்கொண்டிருந்தவன் சம்பந்தமில்லாமல் எழுந்து நிற்பதைப் பார்த்து என் மனைவி, "இன்னா ஆச்சு உங்களுக்கு?" என்று கேட்பாள். அவளிடமும் சொல்லவில்லை. புல் வெட்டியவர்களில் யாராவது கயிற்றைப் பார்த்திருப்பார்களோ என்று ஒரு பயம். யாருமே பார்க்கவில்லை என்று தெரிந்தபோது வேறொரு பயம். அப்படியென்றால் இது என்னிடம் மட்டும்தான் இருக்கிறது.

விபத்து நடந்து ஏறக்குறைய ஒரு வருடம் கழித்துத் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி கேட்டைக் கடந்து போனபோது, வாட்ச்மேன் ஒருவர் எழுந்து சலாம் அடித்தார். மீனவர்தான். தோள் தொங்கும் நீலச் சட்டை, தலையில் நிற்காத தொப்பி.

"ஏரிக்குப் போகலியா தம்பி?" என்றேன்.

"யாரும் சேத்துக்கல சார். வல அடியில மாட்டிச்சினா நான்தான் முழுகி எடுப்பேன். இப்ப மச்சானே வேணாம்ன்றான். அவனும் காண்டிராக்ட் முடிஞ்சி ஏரிக்கே வந்துட்டான். கயித்தெ இஸ்க மறந்தவனெ நம்பி நான் எப்டி மேல குந்திக்கினு இருப்பேன் மாமான்றான். அவன் சொல்றதும் ஞாயம்தான்." தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "தண்ணி மேல எனக்கு வருத்தம் இல்ல சார். இந்தக் கைதான். சாவு வந்தப்பக்கூட சும்மா இருந்துக்கிது பாரு."

பஸ் வருகிறது என்று சொல்லி நகர்ந்துவிட்டேன். பஸ் எதுவும் வரவில்லை.

அதற்கு ஒரு மாதம் கழித்து அவர் மனைவி போன் செய்தாள். அழுகையை அடக்கிக்கொண்டு பேசினாள்.

"அண்ணா, ஒரு வாட்டி வந்துட்டுப் போங்கண்ணா. இவரு லீவு நாள்ல தனியா ஏரிக்குப் போறாரு. கழியில கயித்தெ கட்டிக்கினு முழுகறாரு. மூச்சு முட்ற வரைக்கும் அடியிலயே குந்திக்கினு, கை இஸ்க்குதா இல்லியான்னு பாக்கறாராம். மேல ஒரு ஆளுகூட இல்ல. போன வாரம் மூக்குல ரத்தத்தோட வந்தாரு. நீங்க சொன்னா கேப்பாரு. வேணாம்னு ஒரு வார்த்த சொல்லுங்கண்ணா."

வருகிறேன் என்றேன். மறுநாள் போயிருக்க வேண்டும். போகவில்லை. போய் 'வேண்டாம்' என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடலாம் என்று ஒரு நாள் நினைத்தேன். சொன்னால் கேட்பாரா? கேட்கமாட்டார். அவர் தேடுகிற பதில் என்னிடம் இருக்கிறது. அது கிடைக்காத வரை மூழ்கிக்கொண்டேதான் இருப்பார். நாலு நாள் இப்படிப் போயிற்று. அவருடைய லீவு நாள் ஞாயிறு என்று தெரிந்தும், சனிக்கிழமை சாயங்காலம் வரை என் போன் எப்போது அடித்தாலும் அவர் செய்தியாகத்தான் இருக்கும் என்று நடுங்கினேன். ஞாயிறு காலை முதல் பஸ்ஸில் பொன்னேரி வழியாகப் பழவேற்காடு போனேன். பஸ் ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்று நின்று போனது. டிரைவரை எழுந்து போய் அடிக்கலாம்போல் இருந்தது.

வீட்டில் இருந்தார். இடுப்பில் கட்டுவதற்குக் கயிற்றைச் சுருட்டி வைத்திருந்தார். மச்சானும் அக்காள் வீட்டுக்கு வந்திருந்தான். அவள் முகத்தில் நிம்மதி தெரிந்தது. நாற்காலி போட்டு, டம்ளரில் டீ கொண்டு வந்து வைத்தாள்.

நான் உட்காரவில்லை.

"தம்பி, நீ இழுத்த" என்றேன். "அன்னிக்கு உன் கை கயித்த இழுத்துச்சு. நான்தான் உன்ன இழுக்கல."

விருந்தாளி, பந்து, முதலாளியின் கை எல்லாவற்றையும் சொன்னேன். வாக்கியத்தை 'நிலையில்' என்று தொடங்காமல் சொன்னேன். சொல்லி முடித்தபோது அவர் கேட்டார்:

"எத்தினி வாட்டி?"

"முதல்ல மூணு. அப்புறம் மூணு. கடைசியா ஒண்ணு."

விரல்விட்டு எண்ணினார். "ஏழு" என்றார். பிறகு மனைவியிடம் திரும்பி, "கேட்டியா, ஏழு வாட்டி இஸ்துகீறேன்" என்றார். அவர் முகம் மலர்ந்துவிட்டது. என்னை அவர் பார்க்கவே இல்லை.

மச்சான்தான் என்மேல் பாய்ந்தான். "படிச்சவன் தானய்யா நீ? பந்து உள்ள போற வரிக்கும் குந்திக்கினு பாத்தியா? பெரிய மனுசன்னு கயித்தெ உன் கையில குடுத்தமே!" சட்டையைப் பிடித்தான். அடித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் இலகுவாக இருந்திருக்கும். "வுடு மச்சான்" என்று மீனவர் சொன்னதும் விட்டுவிட்டான்.

அவள் குனிந்து, நான் தொடாத டீ டம்ளரை எடுத்து உள்ளே கொண்டுபோய் வைத்தாள். வெளியே வந்து, "நீங்க போயிட்டு வாங்க சார்" என்றாள்.

நான் தெருமுனைக்குப் போவதற்குள் அவர்கள் மூன்று பேரும் ஏரிப்பக்கம் இறங்கிப் போவதைப் பார்த்தேன். தூரத்தில் நின்றேன். அவர் படகிலிருந்து இறங்கி மூழ்கினார். கயிறு மச்சான் கையில் இருந்தது. அவள் கரையில் நின்றாள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு எண்ணினேன். எத்தனை முறை அசைந்தது என்று அவ்வளவு தூரத்தில் எனக்குத் தெரியவில்லை. மச்சான் சட்டென்று எழுந்து, படகு சாயும்படி இழுத்தான். தலை வெளியே வந்தது. இரண்டு பேரும் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். மறுபடி மூழ்கினார்.

திங்கட்கிழமை முதலாளியிடம் போய், அறிக்கையில் எழுதியது பொய், உண்மை இது என்று எழுதிக் கொடுத்தேன். கிழிசலை முதல் பத்தியிலேயே போட்டிருந்தேன். படித்துவிட்டு மேசை இழுப்பறைக்குள் வைத்தார். "முடிஞ்சுபோன விஷயம் சார், இப்ப எதுக்கு?" என்றார். அது இன்னும் அந்த இழுப்பறையில்தான் இருக்கும். பழவேற்காட்டுக்கு ஒரு பிரதி தபாலில் அனுப்பினேன். பதில் இல்லை. போனும் வரவில்லை. அவளுடைய எண்ணை நான் அழைக்கவில்லை. அழைக்க எனக்கு உரிமை இல்லை என்று நினைக்கிறேன். ஆனால் அவரை ஏரி வேலையில் சேர்த்துக்கொண்டார்களா, இல்லை இன்னும் தனியாக மூழ்குகிறாரா என்பது தெரியாமல் இரண்டு மாதம் ஒவ்வொரு ஞாயிறும் இருப்புக்கொள்ளாமல் கழிந்தது.

கடைசியில் அந்தக் கம்பெனி கேட்டுக்குப் போனேன். அதே நீலச் சட்டை, வேறு ஆள். இவர் பருமனானவர். சட்டை வயிற்றில் பொத்தான் போட முடியாமல் இழுத்துக்கொண்டு நின்றது.

"முன்னால பழவேற்காட்டுக்காரர் ஒருத்தர் இருந்தாரே?"

"அவரா? வேலய வுட்டுட்டு ஏரிக்கே பூட்டாருங்க. முழுகற வேலையாம். மச்சான் வந்து கையோட இட்டுக்கினு போனான்." என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க சொந்தமா?"

"இல்ல" என்றேன்.